மச்சான் கடன்

அந்தப் படிவத்தில் வளர்ப்புப் பிராணிக்கென்று ஒரு கட்டம் இருந்தது. வீட்டு வாடகை, மின்சாரம், காருக்குப் பெட்ரோல், கடன் அட்டைக்குக் கட்டுவது என்று வரிசையாக இறங்கிவந்து, கடைசிக்கு முந்தின வரியில் பிராணியின் தீனி, வைத்தியம். கரமனைச் சந்திப்பில் மாடிப்படி ஏறிப் போனால் வரும் இன்டர்நெட் கடையில், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அச்செடுத்த படிவம். ஆரியசாலையில் புளி மண்டி வைத்திருந்த அண்ணாச்சியின் வீட்டில் உட்கார்ந்து, இங்கிலீஷில் இருந்த ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். இந்த வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நாய்க்குமா தங்கச்சி கணக்கெழுதணும்? நம்மகிட்ட நாயே இல்லியே."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி, என் மைனியின் குரல் வந்தது. "நாய் இல்லன்னா என்ன, பூனை இருக்குல்லா? எலி பிடிக்கதுக்குன்னு வச்ச பூனை, அதுக்கு நான் தினமும் சாளை மீன் வாங்கிப் போடுதேன். எழுதிக்கோட்டி, விடாத."

எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம், கடல் கடந்து இருந்த என் ஆசிரியை அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தார்: இந்தப் பூனை குடும்பச் செலவா, வியாபாரச் செலவா? பகலெல்லாம் கீழே மண்டியில் புளி மூட்டைகளுக்கு நடுவே உத்தியோகம், மற்ற நேரம் மாடியில் மைனியின் காலடியில் சுகவாசம். அரை நாள் யோசித்து, பாதிக்குப் பாதி என்று பதில் எழுதினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தப் பாராட்டில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

குடும்ப நிதி ஆலோசனை என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது, அதை வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட்டில் படிக்கலாம் என்று தெரிந்தபோது எனக்கு வயது முப்பத்தேழு. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் மேஜையில் இருந்தேன். வளையலைக் கழற்றித் தருகிற பெண்களின் மணிக்கட்டில் வளையல் இருந்த தடம் தெரியும். அதைப் பார்க்காத மாதிரி எடை போட்டு, கையெழுத்து வாங்கி, பணத்தை எண்ணித் தருவதுதான் என் வேலை. "இது எதுக்கு எடுக்கீங்க, வீட்ல ரெண்டு பேரும் உக்காந்து பேசினீங்களா?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் மேனேஜர் சத்தம் போடுவார். அப்படிக் கேட்பதற்கென்றே ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறதென்றால் அதை நான் படிக்காமல் வேறு யார் படிப்பது? பி.காம். முடித்த கையோடு அப்பா ஓய்வு பெற்றுவிட்டதால் மேலே படிக்க முடியாமல் போன கோபமும் உள்ளே கிடந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பைசாவைப் பத்தி பேசுகதுக்கு ஒரு டிகிரியா? நீ ஏற்கெனவே நல்லாத்தானே பேசுக" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வகுப்பு. எங்கள் வீட்டு இணைப்பு மழைக்கு ஒருதரம் படுத்துவிடும் என்பதால் முக்கியமான நாட்களில் இன்டர்நெட் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவைத்து, அவர் பாதி தூக்கத்தில் வந்து ஷட்டரைத் தூக்கிவிட, பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டுவேன். கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். ஒரு பெண் பனி பெய்கிறது என்று சொல்லிக்கொண்டே வகுப்புக்கு வருவாள். நான் பால்காரர் வந்துவிட்டாரா என்று கவலைப்பட்டுக்கொண்டே வருவேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை. பணத்தைப் பற்றிய சண்டை பெரும்பாலும் பணத்தைப் பற்றியது அல்ல என்று ஆசிரியை சொன்னபோது, அந்தத் தடுப்புக்குள் இருந்தபடியே 'அதானே!' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்.

இரண்டாம் வருடத்தில் செய்முறை. உண்மையான ஒரு குடும்பத்தோடு, மூன்று நாலு வாரத்துக்கு ஒருதரமாக, ஆறு முறை உட்கார வேண்டும். வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் கேட்டு எழுதி, ஒரு திட்டம் போட்டுத் தந்து, அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கரமனையில் எங்கள் தெருவில் ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியாது. சில வீடுகளில் கணவன் சம்பளம் மனைவிக்கே தெரியாது. நான் கேட்டுப்போன மூன்று வீடுகளிலும் காப்பி கொடுத்து, நல்லா இருக்கியா என்று விசாரித்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். நாலாவதாகத்தான் அண்ணாச்சியிடம் கேட்டேன். எங்கள் வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவர். நாங்கள் இருவருமே நாகர்கோவில் பக்கம் என்பதால் முதல்நாளே தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டார். அந்த வகையில்தான் அவர் மனைவி எனக்கு மைனி ஆனார். ரத்த உறவு இல்லை, ஆகவே பல்கலைக்கழக விதிக்கும் பழுதில்லை.

"நம்ம புளி மண்டிக் கணக்கை வெளிநாட்டுல இருந்து பாப்பாவளா? பாக்கட்டும், பாத்துட்டு ரெண்டு மூட்டை வாங்குவாவளான்னு கேளு" என்று சிரித்தார் அண்ணாச்சி. பெயர் எங்கேயும் வராது, 'குடும்பம் அ' என்றுதான் எழுதுவேன் என்று உறுதி கொடுத்தேன். மைனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை தடவை வருவ?" ஆறு என்றேன். "அப்போ ஆறு ஞாயித்துக்கிழமை உனக்கு இங்கதான் சாப்பாடு."

மைனி என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். குள்ளமான உருவம், வேகமான நடை, புளியின் வாசம் சேலையில் எப்போதும் இருக்கும். மண்டிக்கு மேலே உள்ள மாடிதான் வீடு. கீழே லாரி வந்தால் மேலே இருந்தே, எத்தனை மூட்டை இறங்கியது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள். அந்தப் பெண் பிசியோதெரபி படிக்க ஆசைப்பட்டாள், மங்களூரில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைக்கும் போலிருந்தது. அண்ணாச்சிக்குப் பெண்ணின் மேல் உயிர். ஆனாலும், "இங்க ஏதாவது காலேஜ்ல டிகிரி படிக்கட்டும். மங்களூருக்கு அனுப்ப மண்டியில பைசா இல்ல, உள்ளதைச் சொல்லுதேன்" என்று முதல் ஞாயிறே சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வருடம் மண்டி நொண்டிக்கொண்டுதான் இருந்தது.

முதல் நாள் ஒரு ஒப்பந்தத் தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அதில் முக்கியமான விதி ஒன்று: இருவரில் ஒருவர் எனக்குத் தனியாகச் சொல்வதை மற்றவரிடமிருந்து நான் மறைக்கமாட்டேன். அதைத் தமிழில் நிறுத்தி நிதானமாக விளக்கினேன். அண்ணாச்சி "நம்ம வீட்ல என்ன ரகசியம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மைனி என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போட்டார்.

இரண்டாம் ஞாயிறு கடன் பட்டியல். நாலு கடன் இருந்தது. பிளேடு என்று இந்த ஊரில் சொல்கிற கொள்ளை வட்டிக்காரரிடம் ஒன்று, நகை வைத்து எடுத்தது ஒன்று, லாரிக்காரருக்குத் தர வேண்டியது ஒன்று. நாலாவது, மைனியின் அண்ணன் கொடுத்தது. அவர் நாகர்கோவிலில் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மண்டி முடங்கும்போதெல்லாம் மைனி ஊருக்குப் போய், "எங்க அண்ணன் தந்தாவ" என்று ஒரு தொகையோடு வருவார். வட்டி கிடையாது. அண்ணாச்சி மாதாமாதம் ஐயாயிரம் ரூபாயை மைனி கையில் கொடுத்துவிடுவார், மைனி அண்ணனுக்குச் சேர்த்துவிடுவார். பதினைந்து வருடத்தில் மூன்று தடவை இப்படி வாங்கி, இரண்டு தடவை அடைத்து, மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. "மச்சான் கடன் மட்டும் நான் ஒரு மாசமும் முடக்கினதில்ல" என்று அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு நான் திட்டத்தோடு போனேன். பாடத்தில் என்ன சொல்லியிருக்கிறது? எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடை; வட்டியில்லாத கடனைக் கடைசியில் வை. இதற்குப் பெரிய மூளை வேண்டாம், எனக்கு இருந்த மூளையே போதும். மச்சானுக்குப் போகும் ஐயாயிரத்தை நிறுத்திவைத்துவிட்டு, அதையும் பிளேடுக்காரருக்கே கட்டினால் பதினோரு மாதத்தில் அந்தப் பேயை ஓட்டிவிடலாம். கலர் பென்சிலில் கோடு போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான் என்ன நெனப்பாவ?" என்றார். "உங்க மச்சான் கொஞ்ச நாள் பொறுக்க மாட்டாரா அண்ணாச்சி? அவருக்கு நட்டம் ஒண்ணுமில்லையே" என்றேன். அவர் மைனியைப் பார்த்தார். மைனி, "படிச்சவ சொல்லுதா, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, திட்டத்தில் கையெழுத்தும் போட்டார். அந்த வாரம் வகுப்பில் என் திட்டத்தை ஆசிரியை எல்லாருக்கும் எடுத்துக்காட்டாகக் காண்பித்தார். பனிப் பெண் கூட வாழ்த்தினாள்.

நாலாம் ஞாயிறு எனக்கு வழக்கமான மீன் குழம்பு இல்லை. ரசமும் அப்பளமும்தான். மைனி அதிகம் பேசவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். மனிதர்களின் முகத்தைப் படிப்பது எப்படி என்று ஒரு முழுப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த எனக்கு, எதிரே இருந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் எல்லோருமாகக் கல்லாறுக்குப் போனோம். பொன்முடி பார்க்கப் போகிறவர்கள் கீழே ஆற்றில் கால் நனைத்துவிட்டுப் போகிற இடம். ஐந்தாம் சந்திப்பை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சிதான் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு அவர் மேலே சாயாக் கடைக்குப் போய்விட்டார். மைனியும் நானும் பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டிருந்தோம். கூழாங்கல் வெள்ளையாகத் தெரிந்தது. மைனி என்னைப் பார்க்காமலேயே ஆரம்பித்தார்.

"ஏட்டி, எங்க அண்ணன்கிட்ட ஏது அவ்வளவு பைசா? கண்டக்டர் சம்பளத்துல மூணு பிள்ளையள வளத்தவன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, ஆற்றுத் தண்ணீர் சட்டென்று ரொம்பக் குளிர்ந்தது போலிருந்தது.

அந்தப் பணம் எல்லாம் மைனியுடையது. கல்யாணம் ஆன வருடத்திலிருந்து வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சிறுவாட்டுப் பணம். ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு தையல்காரம்மா நடத்தும் சீட்டில் போட்டுப் பெருக்கியது. அங்கே சீட்டு கட்டும் அத்தனை பெண்களின் வீட்டுக்காரர்களுக்கும் இது தெரியாது என்றுதான் அந்தப் பெண்கள் நம்பினார்கள். மண்டிக்கு முடை வரும்போது மைனி அதைத்தான் எடுத்துத் தருவார். ஆனால் தன் பணம் என்று தந்தால் அது மண்டியில் கரைந்துவிடும், திரும்ப வராது. மனைவியிடம் வாங்கியதை எந்தக் கணவன் தவணை கட்டித் திருப்பித் தருகிறான்? மச்சான் கொடுத்தது என்றால் மானப் பிரச்சினை, தலையை அடகு வைத்தாவது கட்டிவிடுவார். அதனால்தான் அண்ணன் பெயர். அண்ணனுக்கும் விஷயம் தெரியும். ஐயாயிரம் திரும்பித் திரும்பி மைனியிடமே வரும், மறுபடியும் சீட்டுக்குப் போகும். ஒரே பணம் பதினைந்து வருடமாக அந்த வீட்டை மூன்று முறை தூக்கி நிறுத்தியிருந்தது.

"இப்போ மே மாசம் சீட்டு என் கைக்கு வரணும். அதை வச்சுத்தான் பிள்ளைக்கு மங்களூர் பீஸ். மாமா தந்தாவன்னு சொன்னா இவியளும் மறுக்கமாட்டாவ. நீ வந்து ஐயாயிரத்தை நிறுத்திட்ட. ரெண்டு தவணை முடங்கியாச்சு. மூணாவதும் முடங்கினா தையக்காரி என் பேரை வெட்டிருவா. பிள்ளை இங்கயே ஏதாவது படிச்சிட்டுக் கிடக்கும்."

"மைனி, நீங்க தனியா சொல்றதை நான் அண்ணாச்சிகிட்ட மறைக்க முடியாது. முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றேன். என் குரலே எனக்குக் கேவலமாகக் கேட்டது.

"அந்தப் பேப்பரு மாடியில வச்சுப் போட்டது. இது ஆத்துல வச்சு சொல்லுதது. உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்? நீதானே நிறுத்தின?"

ஐந்தாம் சந்திப்பு அதோடு முடிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் மகள் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கணக்கு சரி, வட்டி சரி, கோடு சரி. அந்த வீடு எதனால் நிற்கிறதோ அந்தத் தூணைப் பார்த்து, இது இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆசிரியைக்குப் பொதுவாக எழுதிக் கேட்டேன்: ஒருவர் தனியாக ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? பதில் மறுநாளே வந்தது. சொன்னவரே மற்றவரிடம் சொல்ல உதவுங்கள், அவர் மறுத்தால் நீங்கள் விலகிவிடுங்கள். விலகினால் செய்முறை போயிற்று. மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் ஒரு குடும்பம் தேடி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மைனியையே அண்ணாச்சியிடம் சொல்லச் சொன்னால் அந்தப் பணத்தின் உயிர் போயிற்று. நாலு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, வங்கியில் ஒருவர் சங்கிலியை இரண்டு முறை எடை போட்டு ஏச்சு வாங்கினேன். கடைசியில் ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் மண்டிக்கு நடந்தேன்.

அண்ணாச்சி தராசுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பூனை கணக்கு நோட்டின் மேல் படுத்திருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். "அண்ணாச்சி, என் திட்டத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. வட்டியை மட்டும் பார்த்தேன், மரியாதையைப் பார்க்கலை. மச்சான் கடனை முதல்ல கட்டணும். பிளேடுக் கடனை பாங்க்ல லோன் எடுத்து மாத்திடலாம், விண்ணப்பம் நானே எழுதித் தர்றேன்." பாங்க் கடன் விஷயம் எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டியது. பென்சில் கோட்டின் அழகில் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வாசல் பக்கம் ஒருதரம், மாடிப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"அவ உன்கிட்ட சொல்லிட்டாளா?"

நான் நோட்டின் மேல் இருந்த பூனையைப் பார்த்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லண்டாம். முதல் தடவை கடன் வாங்கின வருசமே மச்சான் வேற ஒரு காரியத்துக்கு என்கிட்ட வந்து ரெண்டாயிரம் கைமாத்து கேட்டாரு. எனக்கு அம்பதாயிரம் தந்த மனுசன் எதுக்கு என்கிட்ட ரெண்டாயிரம் கேக்காருன்னு யோசிச்சேன். மனசிலாயிட்டு. அன்னையில இருந்து ஒரு மாசம் முடக்கினதில்ல. அவ எதுக்கோ சேக்குதா. எதுக்குன்னு நான் கேக்கல்ல. கேட்டா அது என் பைசா ஆயிரும், பாத்துக்கோ."

"அப்படின்னா நான் நிறுத்தச் சொன்னப்போ ஏன் அண்ணாச்சி ஒத்துக்கிட்டீங்க?"

"நீ பேப்பர்ல எழுதிட்ட. அவளும் கையெழுத்துப் போட்டுட்டா. நான் வேண்டாம்னு சொன்னா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்லா? ரெண்டு மாசமா நானும் என்ன செய்யன்னு முழிச்சிட்டுத்தான் இருக்கேன். நல்லவேளை வந்த." கையை நீட்டினார். "சத்தியம் பண்ணு. எனக்குத் தெரியும்ங்கிறது அவளுக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா அவளுக்குன்னு ஒரு பைசா இல்லாம ஆயிரும்."

சத்தியம் செய்தேன். வங்கிக்குத் திரும்பி நடந்தேன். ஒரே ரகசியத்தின் இரண்டு பக்கத்தையும் என்னிடம் கொடுத்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பத்திரமாக வைத்துக்கொள் என்கிறார்கள். இந்த உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் இதற்கு விதி எழுதியிருக்கிறார்கள்?

ஆறாம் ஞாயிறு நான் தவறு செய்துவிட்டேன் என்று இருவர் முன்னாலும் சொல்லி, புதுத் திட்டத்தை வைத்தேன். "நானும் அப்பமே நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி, பெரிய சலிப்போடு. "மச்சானுக்கு ரெண்டு மாசப் பாக்கியையும் சேத்துக் குடுத்திரணும்." மைனி குனிந்து தரையில் இல்லாத ஒரு தூசியைத் துடைத்தார். அன்றைக்கு மீன் குழம்போடு பொரித்த மீனும் இருந்தது.

அறிக்கையில் என்ன எழுதுவது? உண்மையை எழுதினால் இருவரையும் காட்டிக் கொடுத்தவள் ஆவேன். மறைத்து எழுதினால் பொய். இரண்டு வாக்கியம் எழுதினேன்: இந்தக் குடும்பத்தில் இருவரும் தனித்தனியாக என்னிடம் ஒன்றை நம்பிச் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் யாரிடமும், உங்களிடமும் சொல்லமாட்டேன், ஆகவே விதிப்படி விலகுகிறேன். என் செய்முறை 'நிறைவுறவில்லை' என்று குறிக்கப்பட்டது. ஆசிரியை தனியாக ஒரு மடல் போட்டார். விதி விதிதான், என்னால் மாற்ற முடியாது, ஆனால் நீங்கள் செய்தது தவறு என்று நான் எழுதப்போவதில்லை என்று இருந்தது. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் மகள் மங்களூருக்குப் போனாள். 'மாமா தந்த' பணத்தில். வழியனுப்ப அந்த மாமாவே நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். காக்கிச் சட்டைக்குப் பதில் வெள்ளைச் சட்டை போட்டு, ரயில்வே ஸ்டேஷனில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மருமகளுக்கு நிறைய புத்தி சொன்னார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து, "மச்சான், நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று கண் கலங்கினார். அந்தக் கண் கலக்கம் நடிப்பில்லை, ஆனால் மச்சானுக்கானதும் இல்லை. மைனி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ரயில் அட்டவணையை ரொம்பக் கவனமாகப் படித்தேன். மச்சானுக்கு அன்று அண்ணாச்சி ஒரு மூட்டை புளி கொடுத்தனுப்பினார்.

அடுத்த வருடம் நான் மறுபடியும் பணம் கட்டி, வேறொரு குடும்பத்தைப் பிடித்து, படிப்பை முடித்தேன். இப்போது வங்கியிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. சனிக்கிழமைதோறும் எங்கள் பக்கத்து வாசகசாலையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு உட்காருகிறேன். கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்கிறவர்களிடம் எல்லாக் கணக்கையும் மேஜையில் வையுங்கள் என்று நான் சொல்வதில்லை. வைக்கிறதை வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். வட்டியில்லாத கடன் ஏதாவது இருந்தால் அதில் கை வைப்பதற்கு முன் பத்துத் தடவை யோசிக்கிறேன். அரைகுறையாகப் படித்துப் பெரிய மனுஷி போல் திட்டம் போட்ட அந்தப் பெண்ணை நினைத்தால் ஓங்கி ஒரு குட்டு வைக்கத் தோன்றும். ஆனாலும் அவள் மேல் எனக்குப் பிரியம்தான்.

அண்ணாச்சி போன வருடம் தவறினார். நல்ல வயது, படுக்கையில் கிடக்காமல் போனார். மைனி இப்போது மகளோடு கரமனையில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மகள் சொந்தமாகச் சிகிச்சை மையம் வைத்து, என் முழங்காலையும் சேர்த்து ஊர்க்காரர்களின் மூட்டுகளைப் பார்க்கிறாள். ஒருநாள் சாயங்காலம் மைனி தனியாக வந்தார். வந்தவர் வழக்கம்போல் பேச்சைத் தொடங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ராவெல்லாம் உறக்கமில்லட்டி. நாப்பது வருசம் கூட இருந்த மனுசனைப் பொய் சொல்லி ஏமாத்திட்டேன். எங்க அண்ணன், எங்க அண்ணன்னு. அவியளும் வெள்ளந்தியா நம்பி, மாசம் தவறாம எண்ணி எண்ணித் தந்தாவ. சாகதுக்கு முன்ன ஒருவாட்டி சொல்லிருக்கலாம். வாய் வரல்ல. இனி யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்க?" என்று சொல்லிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆற்றங்கரையில் கூட அழாதவர். நான் சத்தியம் செய்த கை மடியில் கிடந்தது. அண்ணாச்சி, மன்னிச்சிருங்க என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, மண்டியில் அன்று மதியம் நடந்தது அத்தனையையும் சொன்னேன். மச்சான் கேட்ட கைமாற்று, கேட்டால் என் பைசா ஆகிவிடும் என்று அவர் சொன்னது, இரண்டு மாதம் அவர் முழித்தது, எல்லாம்.

மைனியின் அழுகை நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தார். உதடு மட்டும் ஏதோ எண்ணுவதுபோல் அசைந்தது. பிறகு, "கள்ளன்!" என்றார். இன்னொரு தரம், சத்தமாக, "பெருங்கள்ளன்!"

"ஏன் மைனி?"

"ஐயாயிரம்னு தருவாருல்லா, மாசாமாசம் எண்ணிப் பாத்தா ரெண்டு நூறு ரூவா நோட்டு கூடுதலா இருக்கும். எல்லா மாசமும். எண்ணத் தெரியாத இந்த மனுசன் என்ன வியாபாரம் பண்ணுதாரோன்னு தலையில அடிச்சுக்கிட்டு..." மைனிக்கு மூச்சு வாங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. "அந்த ரெண்டு நோட்டையும் அவருக்குத் தெரியாம திரும்பவும் கல்லாவுல கொண்டு போட்டுருவேன்ட்டி!"